ஆறாவது வார்த்தையும் நாலாவது சோடாவும்

1. வெள்ளிக்கிழமை குரோம்

எங்கள் டேனரியில் வெள்ளிக்கிழமை குரோம் லோடு போட மாட்டோம். இது நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ராணிப்பேட்டையில் எங்கள் டிரம் செக்‌ஷனில் பாதிப் பேர் முஸ்லிம்கள். பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவார்கள். குரோம் ஓடும்போது பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் தோலை ஊறப்போடுவது, கழுவுவது என்று ஆள் இல்லாவிட்டாலும் கெடாத வேலைகளை வைத்துக்கொள்வோம்.

தோல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிரம் என்பது ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும் மரப்பீப்பாய். மோட்டார் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே சில நூறு ஆட்டுத்தோல், தண்ணீர், உப்பு, ஆசிட். அதில் குரோம் பவுடர் போட்டு ஓட்டினால் அது தோலின் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். நடுவரை இறங்கிவிட்டதா என்று பார்க்கக் கழுத்துப் பகுதியில் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்போம். கழுத்துதான் தடிமன். வெட்டிய இடத்தில் இரண்டு ஓரமும் நீலமாகி, நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஓட வேண்டும் என்று அர்த்தம். கோடு மறைந்த பிறகுதான் சோடா உப்பு போட வேண்டும். அதையும் நாலு பங்காகப் பிரித்து, தண்ணீரில் கரைத்து, அரை மணிக்கு ஒரு பங்கு என்று ஊற்ற வேண்டும். சோடா போனதும் குரோம் தோலைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஊற்றினால் மேலோடு பிடித்துக்கொண்டு, நடுப்பகுதி பதப்படாமல் நின்றுவிடும்.

இன்னொன்று. குரோம் மட்டும் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஓடினாலும் தோலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. காத்திருப்பதால் குரோம் கெட்டதே கிடையாது. டிப்ளமோ படிக்கிற பையனுக்கும் தெரிகிற விஷயம் இது. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

என் பெயர் ஞானராஜ். அப்போது டிரம் செக்‌ஷன் சூப்பர்வைசர். எனக்குப் பொறுமை கொஞ்சமும் கிடையாது. ரயில்வே கேட் மூடியிருந்தால் பைக்கைத் திருப்பி மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போவேன். கேட் திறந்து மற்றவர்கள் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரதம் நாற்பது நாளும் கறி, காபி இரண்டையும் விட்டு, பொறுமையைத் தரும்படி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். காபி இல்லாமல் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். என் மனைவி கிருபா, "நீங்க காபியே குடிங்க. வீட்ல இருக்கிற நாங்களாவது நிம்மதியா லெந்து அனுசரிக்கிறோம்" என்றாள்.

டேனரியில் இன்னொரு கெட்ட பழக்கமும் வைத்திருந்தேன். சோடா ரூம் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டேன். என் டிரம்காரர் ஜாபர் பாய் வயதில் இளையவர், சர்வீஸில் என்னைவிட இரண்டு வருஷம் சீனியர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். டிரம் சுற்றுகிற சத்தத்தை வைத்தே உள்ளே தண்ணீர் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவார். அவரிடம்கூடச் சாவியைக் கொடுத்ததில்லை. சோடாவை என் கையால் ஊற்றினால்தான் எனக்குத் திருப்தி.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள், சரக்கு ஏற்ற வேண்டிய கப்பல் தேதி முன்னால் வந்துவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் சீனிவாசன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஞானராஜ், நாளைக்கு ஒரு லோடு குரோம் போட்டே ஆவணும். வெள்ளிக்கிழமைன்னு தெரியும். வேற வழி இல்ல. உங்களுக்கு சர்ச்சு வேற இருக்குமே?"

"பன்னெண்டு மணிக்குதான் சார். அதுக்குள்ள முடிச்சிட்டுப் போறேன்."

"முடியுமா?"

"முடியும் சார்" என்றேன். கணக்குப் பார்த்திருந்தால் முடியாது என்று எனக்கே தெரிந்திருக்கும்.

2. பதினொன்று இருபது

பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். ஒன்று சபைப் போதகரான ஆயருக்குப் போனாலும் மற்ற ஆறும் சபையாருக்குத்தான். அந்த ஆறில் ஒன்று கிடைக்க வேண்டும் என்று சபையில் ஒரு போட்டியே நடக்கும், வெளியே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கொடுத்திருந்தார்கள். ஆறாவது வார்த்தை. எல்லாம் நிறைவேறியது என்று அவர் அறிவித்த வார்த்தை.

ஆறாவது வார்த்தைக்கு முறை வரும்போது மணி இரண்டு தாண்டிவிடும். ஒன்றரைக்குப் போனால்கூடப் போதும். ஆனால் பேசுகிற ஏழு பேரும் வெள்ளை உடையில் ஆரம்பத்திலிருந்தே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது வழக்கம். நானும் அங்கே உட்கார வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். அன்றைக்கு இதை இப்படி ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது ஒளிக்க ஒன்றும் இல்லை.

காலையில் கரண்ட் ஒரு மணி நேரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. குரோம் போடவே பத்தே கால் ஆகிவிட்டது. பதினொன்று இருபதுக்கு டிரம்மை நிறுத்தி, கழுத்தில் ஒரு துண்டு வெட்டினோம். நடுவில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது.

ஜாபர் பாய் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னும் எறங்கல சார். ஒண்ணு பண்ணலாம். நீங்க சர்ச்சுக்குப் போங்க. நான் பன்னெண்டரைக்கு ஜும்மாவுக்குப் போறேன். டிரம் பாட்டுக்கு ஓடட்டும். ரெண்டு மணிக்கு வந்து வெட்டிப் பாத்துட்டு, சோடாவ மெதுவா நாலு வாட்டியா நான் போட்டுக்கறேன். சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க."

இதைவிடச் சரியான யோசனை இருக்க முடியாது. நான் கேட்கவில்லை.

"பன்னெண்டுக்குள்ள முடிக்கிறேன்னு சார்கிட்ட சொல்லியிருக்கேன் பாய். மெல்லிசு கோடுதான், ஓடுற ஓட்டத்துல மறைஞ்சிடும்."

"கழுத்து சார் இது. மறையாது."

"எனக்குச் சொல்லித் தராதீங்க பாய். சோடாவைக் கரைங்க."

நாலு பங்கு சோடாவையும் பத்து நிமிஷத்துக்குள் அடுத்தடுத்து ஊற்றினேன். ஜாபர் பாய் வாளியைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு லாட் கார்டை எடுத்தேன். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கார்டு உண்டு. என்னென்ன மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று சூப்பர்வைசர் எழுத வேண்டும். கீழே டிரம்காரர் கையெழுத்து. கார்டு காலியாக இருக்கும்போதே ஜாபர் பாய் காலையில் கையெழுத்துப் போட்டுவிடுவார், அவ்வளவு நம்பிக்கை. நான் அதில் முதல் சோடா பதினொன்றரை, இரண்டாவது பன்னிரண்டு, மூன்றாவது பன்னிரண்டரை, நாலாவது ஒரு மணி என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்துவிட்டு, கேட்டில் பர்மிஷன் சீட்டைக் கொடுத்து, பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தேன்.

அன்று மதியம் பிரசங்க பீடத்தில் நின்று, ஆண்டவர் எந்த வேலையையும் அரைகுறையாக விடாமல், குறுக்கு வழி தேடாமல், கடைசிவரை பொறுமையாக நின்று முடித்ததைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

3. கொதிக்கிற தண்ணீர்

நாலு மணிக்கு டேனரிக்குத் திரும்பினேன். டிரம் நின்றிருந்தது. கதவு திறந்து, தோல்கள் வெளியே கொட்டிக் கிடந்தன. பக்கத்தில் சீனிவாசன் சார், ஜாபர் பாய்.

நல்ல குரோம் தோல் வெளியே வரும்போது வழுவழுவென்று, ஒரே சீராக நீலமாக இருக்கும். இவை திட்டுத்திட்டாகக் கறுத்து, மேல்பக்கம் சுருங்கி, சொரசொரவென்று இருந்தன. எங்கள் கடைசிப் பரீட்சை பாயில் டெஸ்ட். ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட வேண்டும். பதமான தோல் போட்ட மாதிரியே வெளியே வரும். பதப்படாதது சுருண்டுவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்துத் துண்டைப் போட்டார்கள். எண்ணெயில் போட்ட வடகம் மாதிரி சுருண்டது.

சீனிவாசன் சார் கார்டைக் கையில் வைத்திருந்தார். "பதினொண்ணு நாப்பதுக்கே நேரத்த எழுதி வச்சிட்டு ஞானராஜ் வெளிய போயிருக்காரு, கேட் ரிஜிஸ்டர்ல இருக்கு. பன்னெண்டு, பன்னெண்டரை, ஒரு மணி, இந்த மூணு சோடாவையும் யாருய்யா போட்டது? பன்னெண்டரைக்கு நீ மசூதில இருக்க. அப்போ ஜும்மாவுக்கு ஓடுற அவசரத்துல மொத்தமா கொட்டிட்டுப் போயிருக்க. கையெழுத்து உன்துதானே?"

"கையெழுத்து என்துதான் சார்" என்றார் ஜாபர் பாய். பிறகு என்னைப் பார்த்தார். "சோடா எப்பப் போச்சுன்னு சாரையே கேளுங்க."

சீனிவாசன் சார் என் பக்கம் திரும்பினார். ஒரு வரி சொன்னால் போதும். அடுத்த மாதம் உதவி மேனேஜர் பதவிக்கு என் பெயர்தான் போயிருந்தது. சபையில் வாங்கிய பாராட்டின் சூடு இன்னும் ஆறவில்லை.

"விசாரிச்சிட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

ஜாபர் பாய் கையைக் கழுவிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது, முடிந்ததும் வேலையை விட்டு நீக்கம் என்று ஆபீஸில் பேச்சு. இருபத்து நாலு வருஷ சர்வீஸ். சனிக்கிழமை நான் உள்ளே போகும்போது எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் வெளியே வரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். இதை எழுதும்போது கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4. ஈஸ்டர் திருவிருந்து

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். கோயிலில் கை கொடுக்காத ஆள் இல்லை. "வெள்ளிக்கிழம உங்க செய்தி ரொம்பப் பிரயோஜனமா இருந்துச்சுங்க" என்றார்கள். ஒவ்வொரு பாராட்டும் அறை மாதிரி விழுந்தது.

அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். எங்கள் வரிசை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்ட மனம் வரவில்லை. எங்கள் சபையில் யார் போனார் என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், யார் போகவில்லை என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்த கிருபா பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் கேட்டாள். "உடம்புக்கு இன்னா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன். சோடாவை, கார்டை, ஜாபர் பாய் என்னைப் பார்த்த பார்வையை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "இப்ப இன்னா செய்யப் போறீங்க?" என்றாள்.

"நாளைக்கு ஆபீஸ் போனதும் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

"நாளைக்கா? சோடாவுக்கு மட்டும் அரை மணி பொறுக்க முடியல. இதுக்கு நாளைக்கு வரைக்கும் பொறுமையா? கையில போன் இருக்கில்ல? அங்க ஒரு வீட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியுதோ இல்லியோ."

கோயில் காம்பவுண்டு வேப்பமரத்தடியில் நின்று சீனிவாசன் சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"நாளைக்குக் காலையில வந்து எழுதிக் குடுங்க" என்றார். "உங்ககிட்ட இதை எதிர்பாக்கல ஞானராஜ்." தோலைச் சொன்னாரா, பொய்யைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக ஜாபர் பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "தப்பு என்துன்னு சொல்லிட்டேன் பாய். நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றேன்.

"ரெண்டு நாள் ஆச்சு சார் உங்களுக்கு" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

5. குழி

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். கெடுத்த லோடை நானே சரிசெய்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சீனிவாசன் சார் ஒத்துக்கொண்டார், ஜாபர் பாய் கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வந்ததும் ஜாபர் பாய் கையை நீட்டினார். "சாவி." கொடுத்தேன்.

லேசான ஆசிட்டில் தோல்களைக் கழுவி, மேலே பிடித்த குரோமைத் தளர்த்தி, மறுபடி மெல்ல உள்ளே இறங்க விட வேண்டும். ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை. மூன்று நாள் மாறி மாறி ஓட்டினோம், நிறுத்தினோம், வெட்டிப் பார்த்தோம். வேகப்படுத்த ஒரு வழியும் கிடையாது. மூன்றாம் நாள் வெள்ளைக் கோடு மறைந்தது. ஆனால் சுருங்கிய மேல்பக்கம் சுருங்கினதுதான். ஷூவின் மேல்பாகத்துக்குப் போக வேண்டிய தோலில் பாதி, ஷூவுக்குள்ளே வைக்கிற லைனிங்குக்குப் போனது. மனம் திருந்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிற விசுவாசிகளுக்கு அந்தப் பாதித் தோலைக் காட்ட வேண்டும் போல் எனக்கு இருக்கும்.

தண்டனையாக என்னைச் சுண்ணாம்பு யார்டுக்கு அனுப்பினார்கள். சூப்பர்வைசராக இல்லை, குழியில் இறங்குகிற ஆளாக. தோலிலிருந்து மயிர் நீக்குகிற இடம் அது. சுண்ணாம்புத் தண்ணீர் நிரம்பிய குழிகளில் தோல் ஊறும். தினமும் எல்லாவற்றையும் வெளியே இழுத்து அடுக்கி, மறுபடி உள்ளே இறக்க வேண்டும். ஈரத்தோலின் கனம் இடுப்பை ஒடிக்கும். கையுறைக்குள் சுண்ணாம்பு போய் விரலிடுக்கு புண்ணாகும். நாற்றம் சோப்புக்கு அடங்காது. சபையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி நானே ஆயரிடம் சொன்னேன். அவர், "எடுத்துடறேன். ஆனா கோயிலுக்கு வர்றத நிறுத்திடாதீங்க" என்றார்.

ஆரம்பத்தில் நான் செய்த ஜெபத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆகஸ்டுக்குள் என்னை டிரம்முக்குத் திரும்ப அனுப்பிவிடும் ஆண்டவரே. ஆகஸ்டு போயிற்று. கிறிஸ்துமஸுக்குள். அதுவும் போயிற்று. நான் டெட்லைன் வைக்க, அவர் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். ஒருநாள் கோபத்தில், தப்பை ஒத்துக்கொண்டதற்கு இதுதான் கூலியா என்று குழிக்குள் நின்றே கத்திவிட்டேன். பக்கத்துக் குழியில் இருந்தவர் நான் அவரைத் திட்டுகிறேன் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தார்.

ஜனவரியில் ஆம்பூரிலிருந்து ஒரு டேனரிக்காரர் போன் செய்தார். டிரம் சூப்பர்வைசர் வேலை, உடனே வரலாம் என்றார். "இப்ப இன்னா வேலையில இருக்கீங்க?" என்று கேட்டார். சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கலாம், அவர் விசாரிக்கப் போவதில்லை. நாக்கு நுனிவரை வந்தது. மறுபடி ஒரு கார்டில் பொய் நேரம் எழுதுகிற மாதிரி இருந்தது. "சுண்ணாம்பு யார்டுல இருக்கேங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

அன்றைக்குத்தான் தீர்மானம் செய்தேன். இங்கேதான் விழுந்தேன், இங்கேயே நிற்பேன், எப்போது எழுப்புவது என்பது ஆண்டவர் பாடு. அதற்குப் பிறகு தேதி போட்டு ஜெபம் செய்வதை விட்டேன். இன்றைய குழிக்கு இன்றைய பலம், அவ்வளவுதான் கேட்டேன். அது ஒருநாளும் கிடைக்காமல் போனதில்லை.

தேதியைப் பார்ப்பதை விட்டதும் கையில் இருக்கிற தோலைப் பார்க்க ஆரம்பித்தேன். தோலை அவசர அவசரமாக அடுக்கும்போது கழுத்துப் பக்கம் மடிந்து, மடிப்புக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் போவதில்லை. கழுத்து இளகாமலே டிரம்முக்குப் போகிறது. பிறகு குரோம் எப்படி இறங்கும்? இருபத்திரண்டு வருஷம் டிரம் பக்கம் நின்று கழுத்தைத் திட்டியிருக்கிறேன். கோளாறு இங்கே, நான் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு தோலின் கழுத்தையும் கையால் பிரித்துவிட்டு அடுக்கினேன். வேலை இரட்டிப்பானது. குழியில் இருந்தவர்கள் முதலில் பேஜார் என்றார்கள், அப்புறம் அவர்களும் பிரித்துவிட ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜாபர் பாய் யார்டுக்கு வந்தார். அந்த ஈஸ்டருக்குப் பிறகு வேலைப் பேச்சைத் தவிர என்னிடம் அவர் வேறு பேசியதில்லை. குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார் பண்றீங்க இங்க? இப்பல்லாம் கழுத்துல குரோம் ஒரு மணி நேரம் முன்னாடியே எறங்குது."

கழுத்தை எப்படிப் பிரிப்பது என்று காட்டினேன். தலையாட்டினார். எழுந்து போகும்போது, "வீட்டுப் பக்கம் வாங்க ஒருநாள்" என்றார். அன்று சாயந்திரம் வண்டியில் போகும்போது அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

6. இரண்டாவது தடவை

ஒன்றரை வருஷம் கழித்துச் சீனிவாசன் சார் என்னை டிரம்முக்குத் திரும்ப அழைத்தார். உதவி மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது, அது எனக்கு வரவே இல்லை. சோடா ரூம் சாவி ஜாபர் பாயிடமே இருந்தது. நானும் கேட்கவில்லை.

அடுத்த லெந்தில் ஆயர் வீட்டுக்கு வந்தார். "மும்மணிக்கு ஆறாவது வார்த்தை. நீங்கதான்" என்றார்.

"வேணாங்க ஐயா. போன தடவ பேசினதே நெஞ்ச அறுக்குது."

"அதனாலதான் கேக்கறேன்."

கிருபா உள்ளேயிருந்து, "இந்த வாட்டி உண்மையப் பேசுவாரு ஐயா, எழுதிக்கங்க" என்றாள். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெரிய வெள்ளிக்கும் ஒரு லோடு குரோம் விழுந்தது. மறுபடி ஒரு கப்பல். ஒன்று காலுக்குக் கிளம்புவதாக ஆயரிடம் சொல்லியிருந்தேன், முன்வரிசை எனக்கு வேண்டியதில்லை. பன்னிரண்டு இருபதுக்குக் கழுத்தை வெட்டினோம். மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஜாபர் பாய் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, காத்துக்கொண்டிருந்தார்.

"டிரம் ஓடட்டும் பாய்" என்றேன். "நீங்க ஜும்மா முடிச்சிட்டு வாங்க. கோடு மறைஞ்சிருந்தா போடுங்க. மறையலன்னா இன்னும் ஓட்டுங்க. நான் வந்துட்டேனான்னு பாக்க வேணாம்."

"கார்டு?"

"நீங்க போட்டப்புறம் நீங்களே நேரம் எழுதுங்க. போடுறதுக்கு முன்னாடி கையெழுத்தும் போடாதீங்க."

அப்போதுதான் சிரித்தார். "அத ரெண்டு வருஷமாவே போடறதில்ல சார்."

பீடத்தில் நின்றபோது எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. முந்தைய தடவை இதே இடத்தில் நான் பேசிய நேரத்தில் என் டிரம்முக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். கார்டில் எழுதிய பொய் நேரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொழுகைக்குப் போன ஒரு மனிதர் மேல் என் பழி விழுந்ததையும், இரண்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் அவர் பெயர் சொல்லியே சொன்னேன். நிறைவேறியது என்று சொல்கிற தகுதி, கடைசிச் சொட்டுவரை நின்றவருக்குத்தான் உண்டு, நான் பாதியிலேயே எழுதி வைத்துவிட்டு ஓடினவன் என்றேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஆறு நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.

நாலு மணிக்கு டேனரிக்குப் போனேன். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. கார்டைப் பார்த்தேன். ஜாபர் பாயின் கோணல் எழுத்தில் முதல் சோடா இரண்டு நாற்பது, இரண்டாவது மூன்று பத்து, மூன்றாவது மூன்று நாற்பது. நாலாவதுக்கு நேரே காலியாக இருந்தது.

"கோடு ரெண்டரைக்குதான் மறைஞ்சிச்சு சார். நாலாவதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றார். இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட வாளிகள் மேல் உட்கார்ந்தோம். பத்து நிமிஷமும் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. நேரம் வந்ததும் அவரே எழுந்து ஊற்றினார், அவரே எழுதினார்.

டிரம் இன்னும் இரண்டரை மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி, கழுத்துத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். இரண்டு நிமிஷம். கிடுக்கியால் எடுத்து மேஜைமேல் வைத்தார். போட்ட மாதிரியே, தட்டையாக, ஓரம்கூட வளையாமல் கிடந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நான் ஆண்டவரிடம் பொறுமையைக் கேட்டேன். அவர் அதைக் கையில் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் சுண்ணாம்பில் ஊறவைத்து, மடிப்பைப் பிரித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு பங்காகத்தான் கொடுத்தார். உங்களுக்கும் அப்படித்தான் வரும். பாதியில் டிரம் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்துவிடாதீர்கள். சூடான தண்ணீரில் போடும் நாள் கட்டாயம் வரும். வெள்ளைக் கோடு இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். கடைசி நாள் ஜாபர் பாய் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார், மரியாதைக்காக. நான் அதை வாங்கி, மறுபடி அவர் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.